பந்தேய் ஸ்ரேய் கோயில் வாசல்ல எலும்பும் தோலுமா உக்காந்திருக்குற அம்மா யாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தீம்பர்காரன்_சிப்புட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து சும்மா படிச்சிட்டு போறவன் நான், இன்னிக்கித்தான் முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

போன ஸ்கூல் லீவுல அம்மாவ கூட்டிக்கிட்டு கம்போடியா போய்ட்டு வந்தேன். அம்மாவுக்கு 71 வயசு, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல பால் மரம் (ரப்பர்) வெட்டினவங்க. இதுக்கு முன்னாடி ஃப்ளைட்டே ஏறினதில்ல. அங்கோர் வாட் பாக்கணும்னு ஆசப்பட்டது நான்தான், அவங்க இல்ல. முதல் நாள் அங்கோர் வாட் போனோம். அந்த அகழியே 190 மீட்டர் அகலம், அத தாண்டி உள்ள நடந்து போறதுக்குள்ள அவங்களுக்கு முட்டி வலி வந்திருச்சி, பாற்கடல் கடையிற செவத்துகிட்ட மட்டும் கொஞ்ச நேரம் நின்னாங்க, அப்புறம் "பெருசா கட்டிருக்கான், போலாம் வா"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசே ஒடஞ்சி போச்சி, மூணு நாள் பாஸ் ஆளுக்கு 62 டாலர் குடுத்து எடுத்திருக்கேன்.

ரெண்டாம் நாள் டுக்டுக்காரர் பந்தேய் ஸ்ரேய்க்கு கூட்டிட்டு போனார். டவுன்லேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சி, வழியெல்லாம் வயக்காடு, பனை மரம் (நம்ம செம்பனை இல்ல, நொங்கு பனை), பனஞ்சக்கரை காய்ச்சி ரோட்டோரம் விக்கிறாங்க. அம்மா அங்கேயே பாதி சந்தோஷம் ஆயிட்டாங்க. கோயில பாத்தா இத்துனூண்டுதான். நடு கோபுரமே பத்து மீட்டர் வராது, நம்ம டவுன் ரெண்டு மாடி கடை வீட்டு உசரம்தான். ஆனா முழுக்க செவப்பும் ரோஸுமா ஒரு கல்லு, அதுல கை வைக்க எடம் இல்லாம அம்புட்டும் கொடியும் எலையும் பூவும் பொம்மையும். அம்மா ஒரு செவத்துகிட்ட போயி மூக்கு முட்டுற மாதிரி நின்னுக்கிட்டு அசையவே இல்ல. என்னம்மான்னு கேட்டா, "ஒரே ஆழம்டா எல்லாம். பட்டைய மட்டும் சீவிருக்கான் பாரு, மரத்துல காயம் போடல"ன்னாங்க. எனக்கு அப்பத்தான் புரிஞ்சிச்சி. பால் வெட்டும்போது பட்டைதான் வெட்டணும், ஒரு நூல் ஆழமா கத்தி எறங்கிட்டா மரத்துல காயம், மண்டோர் (தோட்டத்து மேஸ்திரி) கத்துவாரு. இவங்க அந்தக் கண்ண வெச்சிக்கிட்டு கல்லப் பாக்குறாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். உள்ளாற போற கெழக்கு வாசலுக்கு மேல முக்கோணமா ஒரு கல்லு இருக்கு, அதுல சிவன் பத்து கையோட ஆடுறார். அவர் கால்கிட்ட ஒரு பக்கம் மேளம் தட்டுற ஆளு, இன்னொரு பக்கம் ஒரு பொம்பள உக்காந்திருக்கு. எலும்பும் தோலும்தான், மாரு வத்தி தொங்குது. கைடு பையன்கிட்ட கேட்டேன், ஏதோ அரக்கின்னு சொன்னான். அம்மா உடனே "ஏ, அது காரைக்கால் பேய்டா, நம்ம அம்மையாரு"ன்னு சொல்லிட்டு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கைடு சிரிச்சான். நானும் உண்மைய சொன்னா நம்பல, கம்போடியாவுல நம்ம காரைக்கால் அம்மையார் எப்புடி வருவாங்க?

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில, நெலத்த வித்துட்டாங்கன்னு சொல்லி சில வருஷத்துக்கு முன்னாடி இடிச்சி, டவுன் ஓரமா ஒரு துண்டு நெலம் குடுத்தாங்க. இப்பத்தான் கட்டிக்கிட்டு இருக்கோம், பக்கத்துல சின்னதா ஒரு சிவன் சன்னதி. அம்மா வந்ததுலேர்ந்து அந்த சன்னதி வாசலுக்கு மேல இதே மாதிரி ஆடுற சிவன், கால்கிட்ட அம்மையார், அப்படி வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. கமிட்டியில பாதி பேரு பேய் உருவத்த வாசல்ல வெச்சா ஆகாதுங்கிறாங்க.

அதனால ரெண்டு கேள்வி. அது நெஜமாவே அம்மையார்தானா? அப்புறம் அந்த மாதிரி வேலைய நம்ம சிமெண்டுல செய்ய முடியுமா?

சுதைவேலை_அண்ணன்:

தம்பி, முதல்ல உங்கம்மாவுக்கு என் கும்புடு. "ஒரே ஆழம்"னு சொன்னாங்க பாருங்க, இருபது வருஷமா ஸ்தபதிங்களோட சாரம் ஏறி எறங்குறவன் நான், அந்தக் கோயிலப் பத்தி இத விட நல்லா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

ரெண்டாவது கேள்விய நான் எடுத்துக்கிறேன். அந்தக் கல்லு மணற்கல்லு. நம்ம தமிழ்நாட்டுல பெரிய கோயில் பெரும்பாலும் கருங்கல்லு, உளி எறங்கறதே கஷ்டம், அதனால உருவம் உருண்டையா அமைதியா வரும், நகாசு கம்மியா இருக்கும். மணற்கல்லு மரம் மாதிரி, அதுலயும் பந்தேய் ஸ்ரேய் கல்லு நல்ல சன்ன மணல், கொடிய செதுக்கி அது பின்னாடியும் உளிய வுட்டு குடைஞ்சிருக்கான், நெழலு விழுந்து கொடி கல்லுலேர்ந்து விட்டு நிக்கிற மாதிரி தெரியும். அவங்க அதுக்கு முன்னாடி நூத்துக்கணக்கான வருஷம் மரத்துலயும் வேலை செஞ்சவங்க, அந்த மரப் பழக்கம் கல்லுலயும் வந்திருச்சி. ஜன்னல பாத்தீங்களா? கம்பி கம்பியா நிக்கிறது எல்லாம் கல்லு, ஆனா கடைசல் மெஷின்ல குடுத்த கட்டில் கால் மாதிரி வளையம் வளையமா இருக்கும். கதவும் அப்படித்தான். கோபுரத்துக்கு நாலு பக்கமும் கதவு இருக்குற மாதிரி தெரியும், ஒண்ணுதான் தொறக்கும், மிச்சம் மூணும் பொய்க் கதவு, ஒரே கல்லுல நடுச் சட்டம், பூ, குமிழு வரைக்கும் மரக்கதவு மாதிரியே செதுக்கி வெச்சிருக்கான்.

கட்டுற மொறையும் சொல்றேன், இது கமிட்டிக்கும் தெரிஞ்சா நல்லது. அவங்க செதுக்கிட்டு கொண்டாந்து அடுக்கல, வெறுங்கல்ல அடுக்கிட்டு அப்புறம்தான் செவத்துலயே செதுக்கினாங்க. எப்படித் தெரியும்னா அங்கயே தா கெவ்னு ஒரு கோயில் இருக்கு, 1000ஆம் வருஷம் வாக்குல கட்டினது, பாதியில நின்னு போச்சி. மலை மாதிரி கல்லு மொட்டையா நிக்கும், வேலை ஆரம்பிச்ச எடம் கொஞ்சூண்டுதான். சாந்து கெடையாது, கல்ல கல்லோட தேச்சித் தேச்சி உக்கார வெக்கிறது, நடுவுல முடி போகாது. கல்லுல விரல் நொழையிற மாதிரி வட்ட வட்டமா ஓட்டை இருக்கும், தூக்குறதுக்கு முளை அடிச்ச எடம்னு சொல்லுவாங்க.

வளைவு கட்டத் தெரியாது அவங்களுக்கு, தெரியாதுன்னு சொல்றதா வேணாம்னு விட்டுட்டாங்கன்னு சொல்றதா, ரெண்டு பக்கமும் கல்ல கொஞ்சம் கொஞ்சமா முன்ன தள்ளித் தள்ளி வெச்சி மேல ஒண்ணா சேத்துருவாங்க. அதனாலதான் உள்ள எல்லாம் ஒடுக்கமா இருக்கும், ஆள் கூடி நின்னு கும்புட எடம் இருக்காது. பந்தேய் ஸ்ரேய்ல நடு சன்னதி வாசலே ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான் உசரம், அய்யரே குனிஞ்சிதான் போயிருப்பாரு. அது சாமி குடியிருக்குற வீடு, ஜனங்களுக்கு கட்டின மண்டபம் இல்ல.

அப்புறம் மதில். மதிலுக்கு செம்பாறாங்கல்லு போட்டிருக்கான், நோண்டி எடுக்கும்போது மெத்துனு இருக்கும், வெயில் காத்து பட்டா இறுகிரும். கண்ணுக்கு அழகா தெரியுற எடத்துல ரோஸ் கல்லு, தாங்குற எடத்துல செம்பாறை, கணக்கு தெரிஞ்ச ஆளு. கோபுரம் மேல போகப் போக அடுக்கு ஒவ்வொண்ணும் கீழ உள்ளதையே சின்னதாக்கி வெச்ச மாதிரி இருக்கும், மூலையில குட்டி குட்டி கோபுரம், நம்ம விமானத்துல கர்ணகூடு வைக்கிற அதே புத்தி. சின்னக் கோயில் போட்டோவுல பெருசா தெரியறதுக்கு அதுதான் காரணம்.

சிமெண்டுல முடியுமா? முடியும், ஆனா அந்த ஆழம் வராது. நல்ல சுதைக்காரன் கெடச்சா பாதி வரும். மீதிய பெயிண்டுக்காரன் கெடுத்துருவான்.

சும்மா_கேக்குறேன்:

எல்லாரும் உணர்ச்சிவசப்படுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. பந்தேய் ஸ்ரேய் பிரதிஷ்டை ஆனது 967ல. அம்மையார் கதை வர்ற பெரிய புராணம் சேக்கிழார் எழுதினது 12ஆம் நூற்றாண்டு. எழுதாத புராணத்த கம்போடியாக்காரன் எப்படி படிச்சிருப்பான்? எலும்பும் தோலுமா சிவன் பக்கத்துல யாரு இருந்தாலும் காரைக்கால் அம்மையாரா? பிருங்கி முனிவர் கூட எலும்புக்கூடுதான். சாமுண்டியும் அப்படித்தான். நம்மாளுங்களுக்கு எங்க போனாலும் எல்லாம் நம்மளது ஆயிரணும்.

ஓய்வுபெற்ற_வாத்தியாரம்மா:

சும்மா கேக்குறேன்னு பேரு வெச்சிக்கிட்டு நல்ல கேள்விதான் கேட்டிருக்கீங்க தம்பி, கோவமில்ல. ஒண்ணு ஒண்ணா வருவோம்.

பிருங்கி ஆம்பளை, மூணு காலு, அவர நிக்க வெச்சித்தான் காட்டுவாங்க. இங்க மாரு தொங்குதுன்னு அந்த தம்பியே எழுதிருக்காரு, அதோட உக்காந்திருக்கு. சாமுண்டி தனித் தெய்வம், ஆயுதம் பொணம்னு அவளுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கும், சிவன் ஆடுற கால்கிட்ட தாளம் போடுற பக்தை மாதிரி ஒடுங்கி உக்கார மாட்டா. பேய் உருவத்துல, பொம்பளையா, ஆட்டத்தப் பாத்துக்கிட்டு, காலடியில உக்காந்திருக்குறது அம்மையார் ஒருத்தர்தான். ஆராய்ச்சி பண்ணவங்களும் பந்தேய் ஸ்ரேய் உருவத்த காரைக்கால் அம்மையார்னுதான் எழுதுறாங்க.

பெரிய புராணம் பின்னாடி வந்தது, சரிதான். ஆனா அம்மையார் தானே பாட்டு எழுதினவங்க, ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு. அந்தாதி பாடினாங்க, திருவாலங்காட்டு மேல பதிகம் பாடினாங்க. அந்தப் பதிகத்துல சுடுகாட்டுல திரியிற பெண்பேய எப்படி வர்ணிக்கிறாங்கன்னா மாரு வத்தி, நரம்பு பொடைச்சி, கண்ணு குழிஞ்சி, வயிறு ஒட்டி, கணைக்கால் நீண்டு. கல்லுல நீங்க பாத்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கா சொல்லுங்க. கடைசிப் பாட்டுல தன் பேரையே காரைக்கால் பேய்னு போட்டுக்கிறாங்க. 8ஆம் நூற்றாண்டுல சுந்தரர் அடியார் வரிசை சொல்லும்போது "பேயார்க்கும் அடியேன்"னு பாடிட்டாரு. ஆக சேக்கிழார் எழுதறதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே பேயார் யாருன்னு ஊருக்குத் தெரியும். கல்லு செதுக்குனவன் புத்தகம் படிச்சிட்டு செதுக்கணும்னு சட்டமா, கப்பல்ல போன பூசகர் ஒருத்தர் வாய்ல கதை போயிருக்கலாம்ல.

இன்னொண்ணு கேளுங்க, எனக்கே இது தெரிஞ்சப்ப தூக்கம் வரல. ராஜேந்திர சோழன் கட்டின கங்கைகொண்ட சோழபுரத்துல, தெற்குச் செவத்துல ஆடவல்லானுக்குக் கீழ அம்மையார் உக்காந்து தாளம் போடுறாங்க, அழகான சிற்பம். அது 11ஆம் நூற்றாண்டு. பந்தேய் ஸ்ரேய் அதுக்கு முன்னாடி! தமிழ்நாட்டுல ரொம்பப் பேர் பாத்து பாத்து கன்னத்துல போட்டுக்கிற அந்தச் சிலைய விட வயசுல மூத்தவங்க கம்போடியாவுல உக்காந்திருக்காங்க. அத சுங்கை சிப்புட் தோட்டத்துலேர்ந்து போன ஒரு அம்மா பாத்த ஒடனே அடையாளம் கண்டுக்கிட்டாங்க.

ஆனா தம்பி சொன்னதுல ஒரு பாதி நான் ஒத்துக்குவேன். "எல்லாம் நம்மளது" இல்ல. அந்தக் கோயில கட்டினது தமிழன் இல்ல. யக்ஞவராகர்னு ஒரு பிராமணர், கம்போடிய ராஜா ராஜேந்திரவர்மன் சபையில இருந்தவரு, ராஜா வம்சம்தான் ஆனா ராஜா இல்ல, அடுத்து வந்த அஞ்சாம் ஜெயவர்மனுக்கு குரு. அங்கோர்ல பேரு சொல்ற கோயில்கள்ல ராஜா கட்டாதது ரொம்பக் கம்மி, அதுல இது ஒண்ணு. நோயாளி, ஏழை, அநியாயத்துக்கு ஆளானவன் எல்லாருக்கும் ஒதவினாருன்னு கல்வெட்டுல இருக்கு. உள்ள இருந்த லிங்கத்துக்கு திரிபுவன மகேஸ்வரன்னு பேரு. பந்தேய் ஸ்ரேய்ங்கிறது பின்னாடி வந்த பேரு, பொண்ணுங்க கோட்டைன்னு அர்த்தம். கல்வெட்டு சமஸ்கிருதத்துலயும் கம்போடியா பாஷை க்மெர்லயும்தான், தமிழ் இல்ல. கதை நம்ம பக்கம், கை அவங்க கை. இப்படி வெச்சிக்கிட்டா யாருக்கும் கொறையில்ல.

தம்பி, அம்மாவுக்கு ராவணன் கல்லக் காட்டினீங்களா? தெற்குப் பக்கம் உள்ள சின்னக் கட்டடத்துல, வெள்ளைக்காரங்க நூலகம்னு பேரு வெச்சிட்டாங்க, அதுல கெழக்கப் பாத்த மாதிரி இருக்கும்.

தீம்பர்காரன்_சிப்புட்:

டீச்சர், காட்டினேன் காட்டினேன்! அதுதான் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சது, அத எழுத மறந்துட்டேன். ராவணன் கீழ இத்தன தலை கையோட கைலாசத்த ஆட்டுறான், மலை படி படியா இருக்கு, ஒரு படியில மிருகங்க ஓடுது, ஒரு படியில முனிவருங்க கைய தூக்கி பயந்து போயி நிக்கிறாங்க, உச்சியில பார்வதி பயத்துல சிவனப் புடிச்சிக்கிட்டு. அம்மா "எட்டாம் பாட்டு"ன்னாங்க. எனக்கு புரியல. அப்புறம் சொன்னாங்க, சம்பந்தர் பதிகத்துல எட்டாவது பாட்டு வந்தாலே ராவணன் மலையத் தூக்கி நசுங்கினது வரும்னு, தோட்டத்துக் கோயில்ல ராத்திரி தேவாரம் சொல்லிக் குடுத்த ஒரு கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) அய்யா அத வெச்சித்தான் எத்தனாவது பாட்டு ஓடுதுன்னு பசங்களுக்கு கண்டுபுடிக்க சொல்லிக் குடுப்பாராம். அம்மா ஆறாம் வகுப்பு தாண்டல, நான் டிப்ளோமா முடிச்சவன், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியல.

பக்கத்து கட்டடத்துல மழை பெய்யிற கல்லு ஒண்ணு பாத்தோம், அது என்ன கதை? மேல இந்திரன் யானை மேல, மழை சாய்வா கோடு கோடா எறங்குது, கீழ காடு.

ஓய்வுபெற்ற_வாத்தியாரம்மா:

காண்டவ வனம் எரியிற கதை அது தம்பி. அக்கினி காட்ட எரிக்கிறான், இந்திரன் மழைய விட்டு அணைக்கப் பாக்குறான், கண்ணனும் அர்ச்சுனனும் அம்பால கூரை போட்டு மழைய தடுக்குறாங்க. பெய்யிற மழைய கல்லுல காட்டணும்னு ஒருத்தனுக்குத் தோணிச்சி பாருங்க, அதுக்கே அவனக் கும்புடணும். அதே கட்டடத்துக்குப் பின்பக்கம் கண்ணன் கம்சன கொல்றது. சிவன் கோயில்ல இவ்ளோ கண்ணன் எதுக்குன்னா, மூணு கோபுரத்துல நடுவும் தெற்கும் சிவனுக்கு, வடக்கு கோபுரம் பெருமாளுக்கு. சண்டையே இல்ல.

மெர்போக்காரன்:

நான் கெடா மாநிலம். கம்போடியா வரைக்கும் காசு செலவு பண்ண முடியாதவங்க நம்ம மெர்போக்குல பூஜாங் பள்ளத்தாக்கு வாங்க. புக்கிட் பத்து பகாட் சண்டி (மலாய்ல சண்டின்னா பழைய கோயில்) இருக்கு, 1930கள்ல தோண்டி கண்டுபுடிச்சி, 1959-60ல திரும்ப அடுக்கி வெச்சது. சாமி இருந்த எடம் ஒண்ணு, முன்னாடி தூண் நிறுத்தின மண்டபம் ஒண்ணு, அடிப் பாகம் மட்டும்தான் கல்லு, தூணும் கூரையும் மரம்ங்கிறதால போயிருச்சி. தூண் நின்ன குழியோட கல்லு மட்டும் வரிசையா இருக்கும். பந்தேய் ஸ்ரேய் மாதிரி செதுக்கல் எல்லாம் எதிர்பாக்காதீங்க, ஏமாந்துருவீங்க, ஆனா பின்னாடி ஆத்துத் தண்ணி சத்தத்தோட அங்க நின்னா ஒரு மாதிரி இருக்கும்.

பந்தேய் ஸ்ரேயும் சும்மா நிக்கல, வுழுந்து காட்டுக்குள்ள கெடந்ததுதான். வெள்ளைக்காரன் கண்ணுல பட்டது 1914ல. 1923ல ஆந்த்ரே மால்ரோன்னு ஒரு பிரெஞ்சு ஆளு நாலு பொண்ணு சிலைய செவத்துலேர்ந்து அறுத்து எடுத்துட்டு போய் புனோம் பென்ல மாட்டிக்கிட்டான், பின்னாடி அந்த ஆளுதான் பிரான்ஸுக்கே கலாசார அமைச்சர், என்னத்த சொல்ல. அந்த கேஸுக்கு அப்புறம்தான் கோயில் மேல அக்கறை வந்து 1931லேர்ந்து 36க்குள்ள ஆன்றி மார்ஷல்னு ஒருத்தர், டச்சுக்காரங்க ஜாவாவுல செஞ்ச மொறைய கத்துக்கிட்டு வந்து, வுழுந்து கெடந்த கல்லு ஒவ்வொண்ணும் எந்த எடம்னு கண்டுபுடிச்சி திரும்ப அடுக்கினாரு. அங்கோர்ல அந்த மாதிரி முதல் பெரிய வேலை அதுதான். இப்ப நீங்க வாசல்ல பாக்குற கொரங்கு மூஞ்சி, சிங்க மூஞ்சி காவல் பொம்மை எல்லாம் நகலு, ஒரிஜினல மியூசியத்துக்கு கொண்டு போய்ட்டாங்க.

சுதைவேலை_அண்ணன்:

மெர்போக்காரர் சொன்னத படிச்சதும் வயிறு எரியுது. அவன் காட்டுல கெடந்த கல்லுக்கு எடம் தேடித் தேடி வெச்சான். இங்க தோட்டத்துக் கோயில் இடிக்கிறப்ப நான் போய் நின்னிருக்கேன், ஒரு எடத்துல இல்ல, நாலு எடத்துல. ஜேசிபி வந்து ஒரு மணி நேரத்துல முடிச்சிரும். கதவு நிலை நல்ல செங்கால் மரம், நம்ம தாத்தா காலத்து ஆசாரி செஞ்சது, கழட்டி வைக்கலாம்னு சொன்னா "லோரி வெயிட்டிங்"னுவான். அது எங்க போச்சின்னு யாருக்கும் தெரியாது.

தீம்பர்காரன்_சிப்புட்:

அண்ணே எங்க கோயில்லயும் அதேதான். மூலவர் அம்மனயும் சூலத்தயும் மட்டும் எடுத்தோம். அம்மா ஒரு செங்கல்ல துணியில சுத்தி வீட்டுக்கு கொண்டாந்து சாமி மேடைக்கு அடியில வெச்சிருக்காங்க, இன்னும் இருக்கு.

செம்பனை_அக்கா:

தம்பி நான் எங்க ஊரு கோயில் கமிட்டியில பத்து வருஷமா பொருளாளரு. சிற்பம் பத்தி எனக்கு தெரியாது, கமிட்டி பத்தி தெரியும். பேய் உருவம் ஆகாதுன்னு சொல்றவங்ககிட்ட அவங்க அறுபத்து மூணு நாயன்மார்ல ஒருத்தருன்னு சொல்லுங்க. பெரிய சிவன் கோயில்ல பிரகாரத்துல அறுபத்து மூவர் வரிசையில அவங்களும் இருக்காங்க, எல்லாரும் நிப்பாங்க அவங்க மட்டும் உக்காந்திருப்பாங்க, தெனம் பூசை நடக்குது, யாருக்கும் ஒண்ணும் ஆகல. காரைக்கால்ல வருஷா வருஷம் ஆனி மாசம் மாங்கனித் திருவிழா, ஜனங்க மாடியிலேர்ந்து மாம்பழத்த எறைக்கிறாங்க, புள்ள இல்லாதவங்க அந்தப் பழத்த மடியில வாங்குறாங்க. இத கூட்டத்துல சொல்லுங்க. மாம்பழம்னு வந்துட்டா பொம்பளைங்க எல்லாம் உங்க பக்கம் வந்துருவாங்க, அப்புறம் தலைவர் என்ன பண்ணுவாரு. உபயம் யாருன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்குங்க, அது இல்லாம கூட்டத்துல பேச்ச எடுக்காதீங்க.

சும்மா_கேக்குறேன்:

சரி டீச்சர், ஆறாம் நூற்றாண்டு விஷயம் எனக்கு தெரியாது, ஒத்துக்கிறேன். பிருங்கிய வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா கைடு பையன திட்டாதீங்க யாரும், அவனுக்கு அது அரக்கி மாதிரித்தான தெரியும், நமக்கே பாதி பேருக்கு தெரியல.

தீம்பர்காரன்_சிப்புட்:

ரெண்டு வாரம் கழிச்சி வரேன், மன்னிக்கணும், ஷிப்ட் மாறிட்டு.

போன ஞாயித்துக்கிழம கூட்டம் நடந்திச்சி. டீச்சர் எழுதினத அப்படியே வாசிச்சேன், செம்பனை அக்கா சொன்ன மாம்பழத்தையும் சொன்னேன் (அக்கா நீங்க சொன்ன மாதிரியே ஆச்சி, தலைவர் வாயத் தொறக்கல). ஆனா வாசலுக்கு மேல வைக்க எடம் பத்தலன்னு ஸ்தபதி சொல்லிட்டாரு, நிலைக்கு மேல ரெண்டடிதான் இருக்கு, அதுல ஆடுற சிவனையும் வெச்சி அம்மையாரையும் வெச்சா அம்மையாரு எலிக்குட்டி மாதிரி ஆயிருவாங்கன்னாரு. நான் மொகம் தொங்கிப் போயி வீட்டுக்கு வந்து சொன்னா, அம்மா போனுல அந்த போட்டோவ பெருசாக்கி ரொம்ப நேரம் பாத்துட்டு, "அவங்க மேல ஒக்கார கேக்கலடா, கால்கிட்டதான எடம் கேட்டாங்க, கீழ வை"ன்னாங்க. அதனால சிவன் மேல, அம்மையார் மட்டும் வாசப்படிக்கு பக்கத்துல தரையோட தனியா, ஒன்றரை அடி உசரத்துல. உள்ள போற புள்ளைங்க கை எட்டுற ஒசரம். ஸ்தபதி 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டாரு, அம்மா ஒரு வார்த்த பேசாம உள்ள போயி எண்ணி எடுத்துட்டு வந்தாங்க, அந்த காசு எங்க இருந்திச்சின்னு எனக்கே இது வரைக்கும் தெரியாது.

பீடத்துக்குள்ள அந்த பழைய செங்கல்ல வெச்சி கட்டச் சொல்லிருக்காங்க.

சுதைவேலை அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். கம்பி கட்டி சிமெண்டு பூசுறப்ப அந்த வெலா எலும்பு தெரியிற மாதிரி எப்படி வரும்? அப்புறம் பெயிண்டுக்காரரு பேய்னா கருநீலம்தான் அடிப்பேன்னு நிக்கிறாரு, அம்மாவுக்கு அந்த ரோஸ் கல்லு கலர்தான் வேணுமாம்.

சுதைவேலை_அண்ணன்:

வெலாவுக்கு கம்பி வேணாம். மொதல்ல ஒடம்ப மொழுக்குனு புடிச்சிரச் சொல்லுங்க, பாதி காஞ்சதும் எலும்புக்கு எலும்பு நடுவுல உள்ள பள்ளத்த கரண்டி முனையால வழிச்சி எடுக்கணும். எலும்ப மேல ஒட்ட வெச்சா பின்னாடி வெடிச்சி கொட்டிரும். உங்கம்மாவ பக்கத்துல உக்கார வெச்சிக்குங்க, எவ்ளோ ஆழம்னு அவங்க சொல்லுவாங்க.

பெயிண்டே வேணாம் தம்பி. கடைசி பூச்சு சாந்துல செவப்பு ஆக்ஸைடு ஒரு கை, வெள்ள சிமெண்டு கொஞ்சம் சேத்து கலக்கச் சொல்லுங்க. முதல்ல ஒரு ஓட்டுத் துண்டுல பூசி காய வெச்சிப் பாருங்க, ஈரத்துல ஒரு கலரு, காஞ்சா வேற கலரு.